கத்திக்கு எந்த எஃகு?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்

காய் நறுக்க ஒரு கத்தி, மீன் ஆய ஓர் அரிவாள்மனை, வேலி முள் வெட்ட ஒரு கொடுவாள், வயலுக்கு ஒரு கருக்கரிவாள் என்று நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் நான்கு விதக் கத்தியாவது இல்லாத வீடு அரிது. இவை அனைத்தையும் ‘இரும்பு’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பேசும்போது அதனால் கேடு ஒன்றுமில்லை. கத்தியை வாங்கும்போதும், அதனினும் முக்கியமாகக் கத்தியை அடிக்கும்போதும் அந்த ஒரே சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அது எவ்வாறு ஏமாற்றும் என்பதை என் தாய்மாமன் தம் கைப்பொருளை இழந்து தெரிந்துகொண்டார். அவர் பட்டறையில் நேர்ந்ததையும், அதன் காரணத்தைத் தேடி நான் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

என் மாமா பொன்னேரிக்கு அருகே ஒரு சிற்றூரில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். அவர் வழக்கமாக அரிவாள் அடிப்பது லாரியின் ஸ்பிரிங் பட்டையில். கல்கத்தா சாலையில் செங்குன்றம் தொடங்கிக் கவரைப்பேட்டை வரை லாரிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கே கழித்துப் போட்ட பட்டைகள் பழைய இரும்புக் கடைக்கு வரும். அங்கிருந்து எடைக்கு வாங்கி வருவார். ஓர் ஆண்டு அறுவடைக்கு முன்னால் பட்டை கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒருவர், கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பித் துண்டுகளைக் காட்டி, “இது ஐந்நூறாம் நம்பர் கம்பி, வளைக்கவே முடியாது, பட்டையை விட உறுதி” என்று சொல்லி விற்றார். மாமாவும் அதை நம்பி நாற்பது கருக்கரிவாள் அடித்தார். காய்ச்சினார், தட்டினார், பல் வெட்டினார், தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அறுப்பு எந்திரம் வந்துவிட்டது என்றாலும், எந்திரம் இறங்காத சேற்று நிலத்துக்கும் வரப்போர மாட்டுப்புல்லுக்கும் அரிவாள் வேண்டியிருக்கிறது. வாங்கிப் போனவர்கள் இரண்டாம் நாளே திரும்பி வந்தார்கள். பல் எல்லாம் படுத்துக்கிடந்தது. நாற்பதில் முப்பத்தேழு திரும்பி வந்தன. மாமா எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிரவு அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “காலேஜுல இரும்பைப் பத்தித்தானேடா படிக்கிற? கம்பி வளைய மாட்டேங்குது, அதுல அடிச்ச அரிவா மட்டும் வளையுது. ஏன்னு உங்க வாத்தியாரைக் கேட்டு வந்து சொல்லு.”

கேள்வி எளிமையானது போல் தோன்றும். அதற்கு விடை சொல்லக் கும்மிடிப்பூண்டிக்குத்தான் முதலில் போக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் உருக்கு ஆலைகள் பல உள்ளன. பழைய இரும்பையும் கடற்பஞ்சிரும்பையும் மின்தூண்டல் உலையில் உருக்கிப் பாளங்களாக வார்த்து, அவற்றைச் செந்நிறச் சூட்டில் உருளைகளுக்கிடையே இழுத்துக் கம்பியாக்குகிறார்கள். உருளையை விட்டு வரும் கம்பி ஒரு நீர்ப்பெட்டிக்குள் நுழைகிறது. நாற்புறமும் பீறிடும் தண்ணீரில் கம்பியின் மேற்பரப்பு மட்டும் நொடிப்பொழுதில் குளிர்ந்து கடினமாகிறது. உள்ளே வெப்பம் அப்படியே இருக்கும். பெட்டியை விட்டு வெளியே வந்ததும் அந்த உள்வெப்பம் வெளியே பரவி, கடினமான மேல்தோலைச் சற்றுப் பதப்படுத்துகிறது. இவ்வாறு தோல் உறுதியாகவும் நடுப்பகுதி இளக்கமாகவும் அமைந்த கம்பியே டி.எம்.டி. கம்பி. ‘ஐந்நூறு’ என்பது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசை வரை அது நிலையாக நீண்டுவிடாமல் தாங்கும் என்பதைக் குறிக்கும் எண். கத்தியின் கூர்மைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு கிடையாது.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அந்த உறுதியின் பெரும்பங்கு கம்பிக்குள் இருக்கும் பொருளால் வந்ததன்று, தண்ணீர்ப்பெட்டியில் நடந்த வெப்பப் பதனத்தால் வந்தது. மாமா அதை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சிய அந்தக் கணமே ஆலை கொடுத்த உறுதி அழிந்துபோயிற்று. பிறகு எஞ்சியது வெறும் மெல்லெஃகு. கட்டடக் கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயம் 1786இன்படி, ஐந்நூறு வகைக் கம்பியில் கார்பன் 0.30 விழுக்காட்டிற்கு மேல் போகலாகாது. ஐந்நூறு-டி வகையில் 0.25. கம்பி வேலையிடத்தில் வளைய வேண்டும், பற்றவைக்கப்பட வேண்டும், நிலநடுக்கத்தில் முறியாமல் நீள வேண்டும் என்பதற்காகவே இந்த வரம்பு. வீடு கட்ட அது நற்குணம். கத்திக்கோ அதுவே குறை.

கார்பன் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். முதலாண்டு நண்பர்கள் இந்தப் பகுதியை மட்டும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

தூய இரும்பு மென்மையான உலோகம். அதில் 0.1 விழுக்காட்டிற்கும் குறைவாகக் கார்பன் இருந்தால் அது ஏறத்தாழ நம் முன்னோர் தேனிரும்பு என்றது. 0.25 வரை மெல்லெஃகு. 0.6க்கு மேல் 1.5 வரை உயர்கார்பன் எஃகு. 2 விழுக்காட்டைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. தட்டினால் நொறுங்கும், அடித்து வடிக்க முடியாது. அறை வெப்பத்தில் இரும்பின் படிகத்திற்குள் கார்பனுக்கு இடம் இல்லை என்றே சொல்லலாம். ஏறத்தாழ 727 டிகிரி செல்சியசுக்கு மேல் படிக அமைப்பு மாறத் தொடங்கும். ஆஸ்டெனைட் எனப்படும் அந்த அமைப்பில் கார்பன் அணுக்கள், தண்ணீரில் உப்புப்போலக் கரைந்துகொள்ளும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் பிரிந்து, இரும்புக் கார்பைடாக அடுக்கடுக்காகப் படியும். அது பெர்லைட்; சுமாரான கடினம் உடையது. திடீரென்று குளிர்வித்தாலோ, கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றி அகப்பட்டுக்கொள்கின்றன. படிகம் பழைய வடிவத்திற்குத் திரும்ப முயன்று, முடியாமல், இழுபட்டு இறுகி நிற்கிறது. இதுவே மார்ட்டென்சைட். ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் பெயரால் வழங்குவது. கத்தியின் வாய் கத்தியாக இருப்பது இதனால்தான்.

அகப்பட்ட கார்பன் எவ்வளவோ அவ்வளவு கடினம். 0.2 விழுக்காடு கார்பன் உள்ள எஃகை எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தாலும் ராக்வெல் அளவில் 45ஐத் தாண்டுவது அரிது. 0.6 முதல் 0.8 விழுக்காடு வரை உள்ள எஃகு 62, 65 வரை செல்லும். நல்ல சமையலறைக் கத்திக்கு 56 முதல் 60 வரை வேண்டும். ஆகவே மாமா தோய்ச்சல் கொடுத்ததில் பிழையில்லை. தோய்ச்சலைப் பிடித்து வைக்க அந்தக் கம்பிக்குள் சரக்கு இல்லை.

இதைச் சொன்னபோது மாமா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எங்க தாத்தா அரிவா வாயில எஃகு வெச்சு அடிப்பாரே, அது இதுக்குத்தானா?” என்றார். ஆம், அதற்கேதான். எஃகு விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் உடலுக்குத் தேனிரும்பும் வாய்க்கு மட்டும் எஃகுமாக வைத்து, இரண்டையும் வெண்சூட்டில் ஒன்றாக அடித்து ஒட்டினார்கள். உடல் முறியாது, வாய் மழுங்காது. உலோகவியல் என்ற சொல்லைக் கேள்விப்படாத ஒருவர் இரண்டு உலோகங்களின் குணத்தையும் அறிந்து பிரித்து வைத்திருக்கிறார்.

எஃகு உலகிற்குத் தென்னாடு தந்த கொடை என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். அதன் செய்தியையும் அறிந்துகொள்வது நலம். மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி, உலையில் உருக்கி மெதுவாக ஆறவிட்டு எடுத்த எஃகுக் கட்டிகளை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றனர். கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ என்ற சொற்களோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவர். நொய்யற்கரையில் கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் இத்தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இவ்வெஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வணிகர் இதில் அறுவை மருத்துவக் கருவிகள் செய்து பார்த்துப் புகழ்ந்தார். அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் யார் தெரியுமா? நம் இயற்பியல் வகுப்பில் மின்காந்தத் தூண்டலுக்காக நாம் படிக்கும் மைக்கேல் பாரடேதான். இந்திய எஃகின் சிறப்புக்கு அதிலுள்ள சிறிதளவு அலுமினியமே காரணம் என்று 1819 அளவில் பாரடே கருதினார். அது தவறு. பாரிசில் ப்ரெயான் என்பவர் அடுத்த சில ஆண்டுகளில், மிகுதியான கார்பனும் அது படிகமாகும் முறையுமே காரணம் என்று சரியாகச் சொன்னார். வூட்ஸ் எஃகில் கார்பன் ஏறத்தாழ 1.2 முதல் 1.8 விழுக்காடு வரை உண்டு. அந்த வாள்களின் நீரோட்டம் போன்ற வரிகளுக்கு வனேடியம் போன்ற தனிமங்கள் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருந்ததே காரணம் என்று வெர்ஹோவன் என்ற உலோகவியலாரும் பென்ட்ரே என்ற கொல்லரும் பிறரும் 1998இல் காட்டினார்கள். பாரடேக்கே தவறிய இடம் என்பதால், முறுக்குக் கம்பியில் என் மாமா தவறியதை நான் பெரிதாக எண்ணவில்லை.

சரி, பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பதில் எது எந்த எஃகு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆலைகளில் நிறமாலைக் கருவி இருக்கிறது. பட்டறையில் இருப்பது உலை, தண்ணீர், அரம், சுத்தியல், சாணைச் சக்கரம் இவைதாம். இவையே போதும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். ஒரு விடுமுறை நாளில் மாமாவும் நானும் ஐந்து துண்டுகளை எடுத்துக்கொண்டோம்: முறுக்குக் கம்பி, ஸ்பிரிங் பட்டை, பழைய பேரிங்கின் வெளிவளையம், தேய்ந்த அரம், எவர்சில்வர் தட்டின் ஓரம்.

ஒவ்வொன்றையும் விரற்கடை அளவு வெட்டி, செந்நிறமாகக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் அடித்தோம். முறுக்குக் கம்பி வளைந்தது. எவர்சில்வரும் வளைந்தது. பட்டை ‘டக்’ என்று முறிந்தது. பேரிங் வளையமும் அரமும் கண்ணாடிபோல் தெறித்தன. (இதைச் செய்து பார்க்க விரும்புவோர் கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, துண்டின்மேல் சாக்கைப் போர்த்தி அடிக்கவும். எங்கள் முதல் துண்டு கூரை ஓட்டைப் பதம்பார்த்தது.) முறியாமல் வளைந்தது கத்திக்கு ஆகாது. முறிந்தவற்றின் முகத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் பட்டுத்துணிபோல மிக நுண்ணிய மணியாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைபோல் பளபளக்கும் பெருமணியாக இருந்தால் காய்ச்சியது மிஞ்சிவிட்டது. அப்படிப்பட்ட கத்தி கீழே விழுந்தாலே முறியும். நாங்கள் இரண்டாவது பட்டைத் துண்டை வேண்டுமென்றே மஞ்சள் சூடு வரை விட்டுப் பார்த்தோம். மணி பெருத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது.

உடைந்த முகத்தைப் பார்த்து மூலப்பொருளைத் தேர்வது நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. பூண்டிக்கு அருகே கொசத்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட கற்கோடரிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் கல்லில் ஆனவை. கூரான விளிம்பு கொடுத்து உடையும் கல்லையே அவர்கள் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அவற்றுள் மிகப் பழையவை 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று 2011இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பூண்டி அருங்காட்சியகத்தில் இவற்றை நண்பர்கள் காணலாம். விளிம்பை உற்றுப் பாருங்கள்.

சாணைச் சோதனை இன்னும் எளிது. சாணைச் சக்கரத்தில் துண்டை இலேசாகத் தொட வைத்து, நிழலில் நின்று பொறியைக் கவனிக்க வேண்டும். மெல்லெஃகின் பொறி நீண்ட நேர்க்கோடுகளாகப் போகும். நுனியில் ஒன்றிரண்டு கிளை மட்டும் பிரியும். கார்பன் கூடக் கூடக் கிளைகள் பெருகி, அரத்தில் தீபாவளி மத்தாப்புப்போல் பூவாய் வெடிக்கும். கார்பன் காற்றில் எரிந்து வாயுவாகி வெடிப்பதே அந்தப் பூ. அதிவேக எஃகு எனப்படும் எந்திர இரம்பத் துண்டு மட்டும் மங்கிய சிவப்பில், பூவே இல்லாமல் பொறி விடும். டங்ஸ்டன் பூவை அடக்கிவிடுகிறது. நான்கைந்து தெரிந்த துண்டுகளை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் கண் விரைவில் பழகிவிடும். மாமாவுக்கு அரை மணி நேரத்தில் பழகிவிட்டது. எனக்கு இன்னும் பட்டைக்கும் பேரிங்குக்கும் குழப்பம் வருகிறது.

கார்பனுக்கு அடுத்தது கலப்புத் தனிமங்கள். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 விழுக்காடு. ஈ.என். 45 என்ற வகையில் சிலிக்கனும் மாங்கனீசும், வேறு சில வகைகளில் குரோமியமும் சேர்ந்திருக்கும். இவற்றின் வேலை, எஃகு சற்று மெதுவாகக் குளிர்ந்தாலும் மார்ட்டென்சைட் உண்டாகும்படி செய்வது. அதனால்தான் பட்டையைத் தண்ணீரில் தோய்க்காமல் எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தேவைக்கு மேல் வேகமாகக் குளிர்வதால், மார்ட்டென்சைட் உண்டாகும்போது ஏற்படும் பருமப் பெருக்கம் தாங்காமல் வாயில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். மாமா அடிக்கும் அரிவாளில் பத்துக்கு ஒன்று தோய்ச்சலிலேயே வெடித்துக்கொண்டிருந்தது. ‘நேரம் சரியில்லை’ என்று ஒதுக்கி வைப்பார். எண்ணெய்க்கு மாறியபின் அந்த நேரம் சரியாகிவிட்டது.

பட்டையில் இன்னொரு குறை உண்டு. இலட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த பொருளாதலால் கண்ணுக்குத் தெரியாத களைப்பு வெடிப்பு ஏற்கெனவே இருக்கக்கூடும். பட்டையை நன்றாகத் தேய்த்து மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் விட்டுத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், வெடிப்பு உள்ள இடத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

பேரிங் வளையம், அதாவது ஈ.என். 31, கார்பன் 1 விழுக்காடும் குரோமியம் 1.5 விழுக்காடு அளவும் கொண்டது. மெல்லிய வாயுள்ள சமையலறைக் கத்திக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் மரம் வெட்டும் அரிவாளை இதில் அடித்தால் முடிச்சில் பட்டு வாய் உதிரும். கடினமும் உரமும் ஒன்றையொன்று இழுக்கும் இரு தட்டுகள். ஓங்கி வெட்டும் கருவிக்கு உரம் முக்கியம், இழுத்து அறுக்கும் கருவிக்குக் கடினம் முக்கியம். பட்டை ஏன் கொடுவாளுக்குப் பெயர்போனது என்பது இதனால் விளங்கும். தண்டவாள எஃகும் 0.6 முதல் 0.8 விழுக்காடு கார்பன் உடையதுதான். ஆனால் அது இரயில்வே சொத்து, முறையற்று வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதியில் பிளாஸ்டிக் கழிவை அரைக்கும் எந்திரங்களுக்கு டி2 என்ற எஃகில் செய்த கத்திகளைப் பயன்படுத்துவர். கார்பன் 1.5, குரோமியம் 12 விழுக்காடு, சிறிதளவு மாலிப்டினமும் வனேடியமும். இதனுள் நிறைந்திருக்கும் குரோமியக் கார்பைடு மணிகள் தேய்மானத்தைத் தாங்கும். இப்படித் தேய்ந்த கத்தி ஒன்று மாமாவுக்குக் கிடைத்தது. “இதைவிடச் சிறந்த எஃகு இல்லையாமே” என்று ஆசையோடு உலையில் வைத்தார். அடிக்கும்போதே விளிம்பு பிளந்தது. டி2ஐக் கடினப்படுத்த ஆயிரம் டிகிரிக்கு மேல், பத்து இருபது டிகிரி கூடக் குறையப் போகாமல், சிறிது நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். அது மின்னுலைக்குரிய வேலை. துருத்தி ஊதும் கரியுலைக்குரியதன்று. எந்திர இரம்பத்தின் அதிவேக எஃகும் இப்படியே. அதற்கு 1200 டிகிரி அளவு வேண்டும். அவற்றைக் காய்ச்சாமல், ஆலை கொடுத்த பதத்தோடு, தண்ணீரில் முக்கி முக்கிச் சாணையில் தேய்த்து வடிவாக்கினால் கத்தியாகும். (இப்போது வரும் இரம்பங்கள் பலவற்றில் பல்வரிசை மட்டுமே அதிவேக எஃகு, முதுகு வேறு எஃகு, ஏமாற வேண்டாம்.) பட்டியலில் உயர்ந்து நிற்கும் எஃகைவிட, நம் உலையில் ஒழுங்காகப் பதமேறும் எஃகே நமக்கு நல்ல எஃகு என்பது என் கருத்து. பேராசிரியர் இதை முழுவதும் ஏற்கவில்லை, மாமா ஏற்கிறார்.

இனி எவர்சில்வருக்கு வருவோம். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிக்காதிருக்க எஃகு தேடியபோது, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கார்பனும் உள்ள வார்ப்பு துருப்பிடிக்காதிருப்பதைக் கண்டார். கத்தி செய்வோரிடம் கொடுத்தபோது முதலில் அவர்கள் அதை வெட்டாத கத்தி என்று எள்ளி நகையாடினர். பழக்கமான சூட்டில் அதற்குப் பதம் ஏறாததே காரணம். அதற்கு உயர்ந்த சூடு வேண்டும். துருப்பிடிக்காமைக்குக் காரணம், இரும்பில் கரைந்த குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே போர்த்துக்கொள்ளும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். ‘கரைந்த’ என்ற சொல் முக்கியம். டி2இல் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் துருப்பிடிக்கிறதே என்றால், அதில் பெரும்பகுதி கார்பைடாகக் கட்டுண்டு கிடப்பதே காரணம்.

நம் வீட்டுத் தட்டும் தம்ளரும் குரோமியத்தோடு நிக்கல் அல்லது மாங்கனீசும் மிகுந்த வகை. அது அறை வெப்பத்திலும் ஆஸ்டெனைட்டாகவே இருந்துவிடுவதால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. எங்கள் ஐந்தாவது துண்டு வளைந்தது இதனால்தான். இந்த வகை காந்தத்தில் ஒட்டாது. கத்திக்கான துருப்பிடிக்கா எஃகு வேறு. 420 என்ற வகையில் குரோமியம் 12 முதல் 14, கார்பன் 0.15க்கு மேல், நல்ல கத்திகளில் 0.3, 0.4 வரை, 440-சி வகையில் கார்பன் 1 விழுக்காடு அளவு. இவை காந்தத்தில் ஒட்டும். கடைத்தெருவில் நம் தாய்மார்கள் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் ‘போலி’ என்று பாத்திரத்தை ஒதுக்குவார்கள். அதே வழக்கத்தைக் கத்திக்கும் கொண்டுபோனால் முடிவு தலைகீழாகும். காந்தம் ஒட்டாத கத்தியைத்தான் ஒதுக்க வேண்டும். அது பழம் நறுக்கும், அதற்கு மேல் நம்ப முடியாது.

பழவேற்காட்டில் மீன் ஆயும் அம்மாக்களிடம் எந்தக் கத்தி நல்லது என்று கேட்டேன். உப்பங்கழிக் கரையாயிற்றே, துருப்பிடிக்காத கத்தியையே சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, “எவர்சில்வரு பளபளன்னு இருக்கும் தம்பி, பத்து மீனுக்கு மேல வழுக்கும். கறுப்புக் கத்தின்னா கல்லுல ரெண்டு இழுப்பு, அவ்ளோதான்” என்றார். உப்பிலுள்ள குளோரைடு 420 போன்ற எஃகின் ஆக்சைடு படலத்தையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. கறுப்புக் கத்திக்கு வேண்டியது வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுவது.

எஃகு சரியாக அமைந்தபின் பதம். காய்ச்சும்போது காந்தம் ஒட்டாமற்போகும் சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் இறக்க வேண்டும். நிறத்தை வெயிலில் பார்க்கலாகாது, நிழலில் பார்க்க வேண்டும். தோய்த்தவுடன் கத்தி கண்ணாடி போன்றது. அப்படியே விடாமல் வாயை ஒரு முறை தேய்த்து வெள்ளையாக்கி, முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடேற்றினால் நிறங்கள் வாயை நோக்கி ஓடிவரும். வைக்கோல் நிறம் 220, 230 டிகிரி. சமையலறைக் கத்தியை அங்கே நிறுத்தலாம். பழுப்பும் ஊதாவும் 255 முதல் 280 வரை. அரிவாளுக்கும் கோடரிக்கும் அது. நீலம் 300 அளவு. அது ஸ்பிரிங்குக்குரிய பதம். தெருவில் சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுத்து வாங்கிய கத்தி சில நாளில் மழுங்கினால் அவரைத் திட்டுமுன் வாயோரம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பொறி பறக்கத் தேய்த்தபோது அந்த இடம் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். நீலம் போகும்வரை கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கீழே நல்ல எஃகு கிடைக்கும்.

மாமாவின் பட்டறையில் இப்போது தூணில் ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று கம்பியில் தொங்குகிறது. தகர டப்பாவில், சுண்ணக்கட்டியால் பெயர் எழுதிய ஐந்து துண்டுகள் இருக்கின்றன. புதிய சரக்கு வந்தால் சாணையில் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எடை போடச் சொல்கிறார். திரும்பி வந்த முப்பத்தேழு அரிவாளையும் அவர் உருக்கவில்லை, விற்கவுமில்லை. வளையம் வளையமாக வளைத்து மாட்டுத் தொழுவத்துக்குக் கொக்கி அடித்துவிட்டார். கொக்கிக்கு அந்தக் கம்பி மிகவும் நன்றாக இருக்கிறது.